உயிர் காக்கும் தொண்டர்களுக்குரிய பயிற்சி

கோடை பிறந்துவிட்டால் பத்திரிகாலயங்களுக்கு ஒருவகைச் செய்தி தவறாமல் வந்து சேருகிறது. ஊரின் பெயரும் ஆற்றின் பெயரும் மாறுமேயன்றிச் செய்தி மாறுவதில்லை. நண்பர்கள் நால்வர் நீராடச் சென்றனர். ஒருவன் ஆழத்தில் அகப்பட்டுக்கொண்டான். அவனைக் காப்பாற்றக் குதித்த இரண்டாமவனும் மூழ்கினான். இருவருடைய சடலங்களும் மறுநாள் கரை ஒதுங்கின. இதனைப் பிரசுரிக்கும் நாமும் வாசிக்கும் நேயர்களும் குதித்தவனுடைய அன்பையும் தைரியத்தையும் மெச்சி, ஒரு பெருமூச்செறிந்து, அடுத்த பத்திக்குச் சென்றுவிடுகிறோம். அவன் ஏன் மாண்டான் என்று கேட்பார் இல்லை. நீந்தத் தெரியாமல் மாண்டான் என்று சொல்லிவிடுவது எளிது. எத்தனையோ தடவைகளில் அவன் நன்றாக நீந்தத் தெரிந்தவனாகவே இருந்திருக்கிறான். நீந்துவது ஒரு வித்தை. மூழ்குகிறவனைக் கரை சேர்ப்பது அதனினும் வேறான மற்றொரு வித்தை. இந்த வேற்றுமையை நம்மவர் இன்னும் உணர்ந்தபாடில்லை.

விஷயம் அற்பமானதன்று. போலீஸ் கணக்கின்படியே இந்தியாவில் சமீப காலங்களில் வருஷந்தோறும் 30,000-க்கு மேற்பட்டோர் நீரில் மூழ்கி மாண்டிருக்கின்றனர். உலகமெங்கும் 2021-ம் வருஷத்தில் மாத்திரம் சுமார் 3,00,000 பேர் இவ்வாறு இறந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. ஒரு கொள்ளை நோயில் இத்தனை பேர் மாண்டால் சர்க்கார் சும்மா இருக்குமா? ஜனங்கள்தாம் சும்மா இருப்பார்களா?

இரண்டாவது வித்தையைச் சாதாரண ஜனங்களிடையே பரப்பிய நாடுகளுள் ஆஸ்திரேலியா முதன்மையானது. நம் இளைஞர்கள் பலர் இன்று அந்நாட்டுச் சர்வகலாசாலைகளில் பயிலுகிறார்கள். தமிழ்க் குடும்பங்கள் பலவும் ஸிட்னியிலும் மெல்போர்னிலும் நிலைபெற்று வாழ்கின்றன. அங்குள்ள கடற்கரை உயிர்காப்புச் சங்கங்களில் சேர விரும்பும் ஒருவன் எதை எதிர்பார்த்துப் போக வேண்டும் என்பதை ஒருவாறு விளக்குவது, இங்கேயிருப்பவர்களுக்கும் பிரயோஜனப்படும் என்று நாம் கருதுகிறோம்.

முதலில் இச்சங்கங்கள் தோன்றிய வரலாற்றைச் சிறிது கூறவேண்டும். 19-ம் நூற்றாண்டில் ஸிட்னியைச் சார்ந்த கடற்கரைகளில், பொதுஜனங்களின் கண்ணிற் படும்படி பகற்போதில் கடலாடுவது சட்டவிரோதம். 1902-ம் வருஷத்தில் மான்லி என்னும் ஊரில் பத்திரிகை நடத்திவந்த வில்லியம் கோச்சர் என்பவர், தாம் பட்டப்பகலில் கடலில் இறங்கப்போவதாகத் தம் பத்திரிகையிலேயே அறிவித்துவிட்டு, சொன்னபடியே இறங்கினார். போலீஸார் முதலில் அவரை லக்ஷியம் செய்யவில்லை. பின்னர் அழைத்துச் சென்றனராயினும் வழக்குத் தொடரவில்லை. மறுவருஷமே அவ்வூர் முனிசிபல் கவுன்ஸில் தடையைத் தளர்த்திவிட்டது. முன்கூட்டி அறிவித்துவிட்டுச் சட்டத்தை மீறும் முறை நம் நேயர்களுக்குப் புதியதன்று. குளிப்பதற்காக ஒரு பத்திரிகாசிரியர் அதைக் கையாண்டது புதிதாயிருக்கலாம்!

தடை நீங்கியதும் ஜனங்கள் திரள் திரளாகக் கடலில் இறங்கினர். கடலின் இயல்பறியாமல் மூழ்கவும் தொடங்கினர். சர்க்கார் வந்து காப்பாற்றட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. நீந்த வல்லவர்கள் ஊருக்கு ஊர் சங்கம் கூட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் முறைவைத்துக் கரையில் காவல் நின்றார்கள். 1907-ம் வருஷம் அக்டோபரில் ஸிட்னியிலுள்ள சங்கங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு பொதுச் சங்கம் கண்டன. 1910-ல் வெண்கலப் பதக்கம் என்னும் பரீட்சை ஏற்பட்டது. அன்று முதல் இன்று வரை அப்பதக்கமே ஒருவன் காவல் நிற்கத் தகுந்தவன் என்பதற்கு அத்தாட்சி. இன்று அந்நாட்டில் 300-க்கு மேற்பட்ட சங்கங்கள் உள்ளன. காவல் நிற்போரில் மிகப் பெரும்பாலோர் ஒரு காசும் கூலி பெறாத தொண்டர்கள். நகரசபைகளிடம் சம்பளம் பெறும் உயிர் காப்பாளர்களும் உண்டு. நாம் இங்கே பேசுவது தொண்டர்களைப் பற்றியே.

இவர்களுடைய திறமை எத்தகையது என்பதை 1938-ம் வருஷம் பிப்ரவரி 6-ந் தேதி உலகம் கண்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஸிட்னியின் பாண்டி கடற்கரையில் பல்லாயிரம் ஜனங்கள் கூடியிருந்தனர். அடுத்தடுத்து எழுந்த பேரலைகள், திட்டின்மேல் நின்று குளித்தவர்களை நூற்றுக்கணக்கில் ஆழ்கடலுக்கு அடித்துச் சென்றன. கரையிலிருந்த தொண்டர்கள் கயிற்றோடும் பலகையோடும் வெறுங்கையோடும் பாய்ந்து ஏறத்தாழ 250 பேரை மீட்டார்கள். ஐவர் மாண்டனர். ஐந்து உயிர் போனது துக்கமே. பயிற்சி பெற்றவர்கள் அங்கே இல்லாதிருந்தால் எத்தனை போயிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். வெண்கலப் பதக்கத்துக்கு 15 வயது நிரம்பியிருக்க வேண்டும். 13 வயதினருக்குச் சற்று இலகுவான வேறொரு பரீட்சை உண்டு. சங்கத்தில் காலடி வைத்ததும் கேட்கப்படுவது, 400 மீட்டர் தூரத்தை 9 நிமிஷத்துக்குள் நீந்திக் காட்டு என்பதே. 25 மீட்டர்க் குளமானால் 16 தடவை. ஒவ்வொரு தடவைக்கும் 34 விநாடி கூட இல்லை. கிணற்றிலும் ஆற்றிலும் விளையாடிக் கற்ற நம் பிள்ளைகளுக்கு இது கடினமாகவே தோன்றும். தலையை நீருக்குமேல் தூக்கிக்கொண்டு கைகளால் நீரை அடித்துச் செல்லும் நீச்சலில் முதல் 100 மீட்டரிலேயே மூச்சு வாங்கிவிடும். முகத்தை நீரில் அமிழ்த்தி, பக்கவாட்டில் மூச்சு வாங்கி, ஒரே சீராக நீந்தும் முறையைக் குளத்திலேயே பழகிக்கொண்டு போவது உசிதம். பின்னர்க் கடற்கரையில் மற்றொரு சோதனை: மணலில் 200 மீட்டர் ஓடி, கடலில் 200 மீட்டர் நீந்தி, மீண்டும் 200 மீட்டர் ஓட வேண்டும், மூன்றுக்கும் சேர்த்து 8 நிமிஷம். தேகபலத்தைப் பற்றிய மட்டில் இவ்வளவுதான். மல்லனாயிருக்க வேண்டிய அவசியமில்லை. பள்ளிப் பிள்ளைகளும், காரியாலயத்தில் எழுதிப் பிழைப்பவர்களும், பேரன் பேத்தி எடுத்தவர்களும் தேறிவருகிறார்கள்.

உண்மையான பாடம் இதற்குப் பிறகே ஆரம்பமாகிறது. அது கண்ணுக்குரிய பாடம். ஆசிரியர் மாணவர்களைக் கரையில் நிறுத்தி, "எந்த இடத்தில் குளிப்பீர்கள்?" என்று கேட்பார். அலை புரளாமல் அமைதியாகத் தோன்றும் இடத்தையே புதியவர்கள் பெரும்பாலும் காட்டுவார்கள். அந்த இடந்தான் யமன் வாயில்! அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் நீர் எங்கேனும் ஓரிடத்தில் திரும்பிப் போயாக வேண்டுமல்லவா? மணற்றிட்டுகளுக்கு இடையே பள்ளம் பறித்துக்கொண்டு அது கடலை நோக்கி ஓடுகிறது. இந்த இழுவையை ஆங்கிலத்தில் ரிப் என்பார்கள். அவ்விடத்தில் நீர் ஆழமாதலால் அலை உடைவதில்லை, நிறம் கறுத்திருக்கும், சில சமயம் கலங்கிய மணலும் நுரையும் கடலை நோக்கி நகர்வது தெரியும். இவ்விழுவை மனிதனை அடியில் அமிழ்த்துவதில்லை. கரையிலிருந்து அப்பால் கொண்டுபோகிறது. அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்துகிறவன் களைத்துப்போய் மூழ்குகிறான். பதறாமல் மிதந்து கையை உயர்த்தி உதவி கோருவதும், நீந்த வல்லவன் கரைக்கு இணையாக, அலை உடையும் பக்கமாக நீந்தி வெளியேறுவதுமே தப்பும் வழிகள். சிவப்பும் மஞ்சளுமான இரு கொடிகளை நட்டு, அவற்றுக்கு இடையிலேயே குளிக்கவேண்டும் என்று தொண்டர்கள் வற்புறுத்துவதன் தாத்பர்யம் இதுவே. இழுவை நாளுக்கு நாள் இடம் பெயரும். கொடியும் அதற்குத் தகப் பெயரும். பதக்கம் பெறச் செல்பவன் இதனைப் புத்தகத்தில் படித்தால் போதாது. அந்த இழுவையில் ஆசிரியரோடு இறங்கி, அது தன்னை எங்கே கொண்டுபோகிறது என்பதை உடம்பாலேயே அறியும்படி செய்கிறார்கள்.

கண்ணுக்குரிய இரண்டாவது பாடம், மூழ்குகிறவனை இனங்காண்பது. மூழ்குகிறவன் கூக்குரலிடுவான், கையை வீசி அழைப்பான் என்று நாடகங்களிலும் சினிமாக்களிலும் பார்த்து நாம் நம்பியிருக்கிறோம். அமெரிக்காவில், நியூயார்க்கைச் சேர்ந்த ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர் காப்பாளராயிருந்த பிராங்க் பியா என்பவர், மெய்யாகவே மூழ்கத் தொடங்கிய மனிதர்களைப் படமெடுத்து ஆராய்ந்து, இந்த நம்பிக்கை பொய் என்று 1970-களில் நிரூபித்தார். மூச்சுக்கே திணறுகிறவனுக்குப் பேச மூச்சு ஏது? அவன் நீரில் செங்குத்தாக நிற்கிறான். வாய் நீர்மட்டத்தில் மேலும் கீழுமாகப் போய்வருகிறது. கைகள் தாமாகவே பக்கங்களில் விரிந்து நீரை அழுத்துகின்றன. இவை யாவும் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடக்கூடும். பக்கத்தில் நிற்கும் தந்தைக்கே தெரியாமல் குழந்தை மூழ்குவது இதனாலேதான். காவல் நிற்கும் தொண்டன், பேசிக்கொண்டிருக்கும்போதுங்கூட நண்பனுடைய முகத்தைப் பாராமல் கடலையே பார்த்துப் பேசப் பழக வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் கற்ற பிறகுதான் மீட்கும் முறைக்கு வருகிறார்கள். இங்கே நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டிய முக்கிய விஷயம் ஒன்றுண்டு. மூழ்குகிறவன் தன் கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏறவே முயலுவான். எட்டியது உன் கழுத்தானால் கழுத்து. அவனுக்கு அப்பொழுது நண்பனென்றும் சகோதரனென்றும் தெரியாது. ஆதலின் பயிற்சியின் முதல் விதி, உன் உயிருக்கு ஆபத்தில்லாத வழியை முதலில் தேடு என்பது. கரையிலிருந்தே பேசித் தைரியம் சொல்லி அவனை வரச்செய்ய முடியுமா? கழியை நீட்ட முடியுமா? கயிற்றையோ மிதக்கும் பொருளையோ எறிய முடியுமா? இவை யாவும் பயன்படாதபோதுதான் நீரில் இறங்குவது. அப்போதும் வெறுங்கையோடு இறங்குவதில்லை. நீண்ட மிருதுவான மிதவை ஒன்றை வாரினால் உடம்போடு பிணைத்து இழுத்துக்கொண்டு, கால்களில் ரப்பர்த் துடுப்புகளை அணிந்துகொண்டு தொண்டன் நீந்திச் செல்கிறான். மூழ்குகிறவனுக்கு எட்டாத தூரத்தில் நின்று மிதவையை அவனிடம் தள்ளுகிறான். அவன் அதைப் பற்றி மூச்சு வாங்கி நிதானமடைந்த பின்பே இழுத்துவருகிறான். பலகையின்மேல் குப்புறப் படுத்துக் கைகளால் துழாவிச் சென்று, மீட்கப்பட்டவனை முன்புறம் கிடத்திக் கொண்டுவருவது மற்றொரு முறை. இம்முறைகளை அலையடிக்கும் கடலில் மீண்டும் மீண்டும் செய்து காட்ட வேண்டும். மாணவர்கள் ஒருவருக்கொருவர் மூழ்குகிறவனாக நடிப்பார்கள். சிலர் அவசியத்துக்கு மேலாகவே நடிப்பார்கள் என்று கேள்வி!

முற்காலத்தில் இம்மிதவை இல்லை. பெரிய ராட்டினம் ஒன்றில் நீண்ட கயிறு சுற்றியிருக்கும்; அதன் நுனியை இடுப்புவாரில் கட்டிக்கொண்டு ஒருவன் நீந்திப் போவான்; மூழ்கினவனை அவன் பிடித்ததும் கரையிலுள்ளோர் இருவரையும் சேர்த்து இழுப்பர். கயிற்றில் கடற்பாசி சிக்கினாலும், கரையிலுள்ளவர்கள் அவசரப்பட்டு இழுத்தாலும், நீந்திச் சென்றவன் நீருக்கடியில் இழுபடுவான். தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட அம்முறையைச் சங்கங்கள் 1990-களில் காவலிலிருந்து நீக்கிவிட்டன. இப்போது அது போட்டி விளையாட்டாகவே நடைபெறுகிறது. ரப்பரினால் ஆன சிறு மோட்டார்ப் படகுகள் பெருமளவுக்கு அதன் ஸ்தானத்தைப் பிடித்தன. பழைய முறையில் பெருமை கொண்டவர்கள் அதனை விட மனம் வருந்தியிருப்பார்கள், ஆயினும் விட்டார்கள்.

எறிந்து காப்பாற்றும் உபாயத்துக்கு உதாரணம் தேடி நாம் ஆஸ்திரேலியாவுக்குப் போகவேண்டியதில்லை. 2020-ம் வருஷம் ஆகஸ்டில், பெரம்பலூர் ஜில்லா கொட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு வாலிபர்கள் ஆழத்தில் அகப்பட்டுக்கொண்டார்கள். அங்கே துணி துவைத்துக் குளித்துக்கொண்டிருந்த மூன்று பெண்மணிகள், மானத்தைக் கருதித் தயங்காமல் தங்கள் புடவைகளை அவிழ்த்து எறிந்து, இருவரை இழுத்துக் கரை சேர்த்தனர். மற்ற இருவரும் அதற்குள் மூழ்கிவிட்டனர். மாநில சர்க்கார் அப்பெண்மணிகளுக்குக் கல்பனா சாவ்லா விருது அளித்துக் கௌரவித்தது. எந்தச் சங்கத்திலும் பயிலாத அவர்களுக்கு அத்தருணத்தில் தோன்றிய யுக்தியே பயிற்சி நூல்களின் முதற்பாடமாயிருக்கிறது. ஆஸ்திரேலியச் சங்கங்களோ 1980-ம் வருஷம் வரையில் பெண்களைக் காவல் நிற்கும் பூரண அங்கத்தினராக ஏற்கவில்லை என்பதையும் இங்கே குறிப்பிடாமல் விடுவது நியாயமாகாது. பெண்களின் தேகபலம் போதாது என்று அதுவரை சாதித்துவந்தார்கள். அந்தச் சங்கங்களில் நாம் மெச்சுவதற்கு எவ்வளவோ இருப்பினும், இது மெச்சத்தக்கதன்று.

கரை சேர்த்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. மூச்சின்றிக் கிடப்பவனுக்கு மூச்சூட்டுவது பயிற்சியின் முக்கியமான மற்றொரு பாகம். நம் கிராமங்களில் மூழ்கியவனைத் தலைகீழாகத் தூக்குவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுவதும் வழக்கமாயிருக்கின்றன. இது வீண் காலதாமதம். இரைப்பையில் உள்ளது மேலேறிச் சுவாசப்பையில் புகுந்து தீங்கு விளைப்பதும் உண்டு. மேல்நாட்டாரும் 20-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் குப்புறக் கிடத்தி முதுகை அழுத்தும் முறையையே கையாண்டார்கள். 1960-ஐ ஒட்டி அதைக் கைவிட்டு, வாயோடு வாய் வைத்து ஊதும் முறைக்கும் மார்பை அழுத்தும் முறைக்கும் மாறினார்கள். இன்று கற்பிக்கப்படுவது இது: மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து, மார்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு அமிழும்படி, அதாவது சுமார் 5 சென்டிமீட்டர், நிமிஷத்துக்கு 100 முதல் 120 வரையுள்ள வேகத்தில் 30 தடவை அழுத்த வேண்டும், பின்னர் 2 தடவை வாய்வழி ஊத வேண்டும், நிறுத்தாமல் இதையே தொடர வேண்டும். பிராணவாயு இல்லாமல் மூளை சில நிமிஷங்களுக்குமேல் தாங்காது. நீரில் மூழ்கியவனுக்கு மூச்சே முதலில் நின்றதாகையால், ஊதுவதை விட்டுவிட்டு மார்பை மாத்திரம் அழுத்துவது போதாது. ரப்பர்ப் பொம்மையின்மீது இரண்டு நிமிஷம் இதைச் செய்து பார்க்கும் திடகாத்திரனுக்கும் வியர்த்துக் கொட்டிவிடும். ஆகவேதான் இருவர் மாறி மாறிச் செய்யக் கற்பிக்கிறார்கள். இருதயத்துக்கு மின்சார அதிர்ச்சி கொடுக்கும் சிறு இயந்திரத்தை உபயோகிப்பதும் பாடத்தில் சேர்ந்தது. அலையில் தலைகீழாக மோதிக் கழுத்தெலும்பு முறிந்தவனைத் தலை அசையாமல் தூக்குவதும், ரேடியோவில் சுருங்கப் பேசுவதும், கைச்சைகைகளும் உண்டு. ஒரு கையைத் தலைக்கு மேல் நேராக உயர்த்தினால், கடலிலுள்ள தொண்டன் கரைக்குத் திரும்ப வேண்டும். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினால், இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். ஏன் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. கரையிலிருப்பவனுக்குத் தெரிவது அலைகளின் நடுவே இருப்பவனுக்குத் தெரியாது.

எல்லாரும் பிழைத்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்துப் போகிறவன் ஏமாறுவான். முறைப்படி யாவும் செய்தும் உயிர் திரும்பாமற் போவதுண்டு. அத்தகைய நாளுக்குப் பின் தொண்டர்களை உட்கார்த்தி மனம்விட்டுப் பேசச் செய்வதும், வேண்டுவோருக்கு மனோவைத்தியர்களின் உதவியைத் தேடித்தருவதும் இப்போது சங்கங்களில் வழக்கமாகியிருக்கின்றன. இளம் பிள்ளைகளைக் காவலுக்கு நிறுத்துபவர்கள் இதை அசட்டை செய்யலாகாது.

தமிழ்நாட்டின் கடற்கரை 1,000 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. மெரினாவில் வருஷந்தோறும் இளைஞர்கள் மாளுகிறார்கள். எச்சரிக்கைப் பலகை நடுவதும் போலீஸாரை நிறுத்துவதும் அவசியமே; அவற்றை நாம் குறை கூறவில்லை. திருவிழாக்களுக்கும் மாநாடுகளுக்கும் ஆயிரக்கணக்கில் தொண்டர்களைத் திரட்டத் தெரிந்த நம் ராஜீய ஊழியர்கள், ஒவ்வொரு கடற்கரையூரிலும் ஆற்றங்கரையூரிலும் 20 பேரைப் பொறுக்கி இவ்வித்தையில் பழக்குவது அசாத்தியமா? பிறவியிலேயே கடலறிந்த மீனவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இழுவை எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குப் பாடம் சொல்ல வேண்டியதில்லை; மூச்சூட்டும் முறையைக் கற்பித்து, மிதவையைக் கையில் கொடுத்தால் போதும். ராட்டினமும் கயிறும் கொண்டு ஆரம்பித்தவர்களைவிட நம் முதலீடு பெரிது.

ஆஸ்திரேலியாவுக்குச் செல்லும் மாணவர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. பதக்கம் ஒருமுறை பெற்றுவிட்டால் ஆயுள் முழுவதும் செல்லாது. ஒவ்வொரு பருவத்திலும் ஓட்டம், நீச்சல், மூச்சூட்டல் யாவற்றையும் மறுபடி செய்து காட்டினால்தான் காவலில் நிற்கலாம். சங்கம் குறிப்பிடும் நாட்களில் முறை தவறாமல் வரவேண்டும். பரீட்சை நெருங்கிவிட்டது என்று சொல்லிக் கடைசி நேரத்தில் நழுவுகிறவர்களை அங்கே யாரும் விரும்புவதில்லை. ஸிட்னிப் பக்கத்தில் காவற் பருவம் செப்டம்பர் இறுதியில் ஆரம்பித்து ஏப்ரல் வரை நடக்கிறது; புதியவர்களுக்கான வகுப்புகளும் பெரும்பாலும் அதை ஒட்டியே தொடங்குகின்றன. அங்கே ஜூன், ஜூலை குளிர்காலம். 400 மீட்டரை 9 நிமிஷத்தில் நீந்த முடியாதவன் அந்த மாதங்களிலேயே வெந்நீர்க் குளம் உள்ள நீச்சல் நிலையம் ஒன்றில் சேர்ந்து, வாரம் மூன்று நாள் பழகத் தொடங்குவது நல்லது.